இடுப்பு மூட்டுத் தேய்வுக்கு உடற்பயிற்சி: எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

இடுப்பு மூட்டு தேய்ந்தவர் காலை அசைக்காமல் காக்க வேண்டுமா, அசைத்துப் பழக்க வேண்டுமா? மருத்துவம் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளில் நேரெதிரான இரண்டு பதில்களைச் சொல்லியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூலில் எலும்பு மருத்துவம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), நோயுற்ற மூட்டுக்கு இடையறாத நீண்ட ஓய்வே மருந்து என்று வாதிட்டார். அவர் கண்ட மூட்டுகள் பெரும்பாலும் காசநோய் பிடித்தவை. ஆனாலும் ஓய்வுக் கொள்கையின் நிழல் தேய்வு நோயின் மீதும் நெடுங்காலம் படிந்திருந்தது. இன்றோ காட்சி தலைகீழ். 2019இல் சர்வதேச மூட்டுத் தேய்வு ஆய்வுச் சங்கமான ஓர்சியும் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியும், 2022இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் வகுத்த வழிகாட்டுதல்கள் எல்லாமே உடற்பயிற்சியை அடிப்படைச் சிகிச்சையாக முன்வைக்கின்றன.

வழிகாட்டுதல்களின் இந்த ஒருமித்த குரலைக் கேட்பவர், ஆய்வுகளும் ஒரே குரலில்தான் பேசும் என்று எண்ணக்கூடும். அப்படியில்லை. ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் பயிற்சி கொஞ்சம் வெல்கிறது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் தடுமாறுகிறது. அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் தெளிவாகத் தோற்கிறது. இவை ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகள் அல்ல, வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எது எந்தக் கேள்விக்கான விடை என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூட்டும் சுமையும்

இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் சுழலும் அமைப்பு. உடம்பின் மிக ஆழத்தில், தடித்த தசைகளுக்கு அடியில் இருப்பதால் அதை முழங்காலைப் போல வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க முடியாது. தேய்வு தொடங்கும்போது வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் வரும். சிலருக்குத் தொடையின் முன்பக்கத்திலோ முழங்காலிலோ மட்டும் வரும். இதனால் முழங்காலையே படமெடுத்துக் கொண்டிருப்பவர்களும் உண்டு. காலை உள்பக்கமாகத் திருப்பும் அசைவு முதலில் குறைவது இந்த நோயின் பழகிய அடையாளம்.

சுமை எவ்வளவு என்பதை ஜெர்மனியின் பெர்க்மன் குழு 2001இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைச் சிலருக்கு வைத்து அளந்தபோது, இயல்பாக நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு விசை மூட்டில் விழுந்தது. படியேறும்போது அது சற்றுக் கூடியது. எடையைவிட விசை அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பு சாய்ந்துவிடாமல் பக்கவாட்டுப் பிட்டத் தசைகள் இழுத்துப் பிடிப்பதுதான். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான்: கோல் தாங்கும் அளவுக்கு அந்தத் தசைகளின் இழுப்பு குறைகிறது. வலிக்கும் பக்கத்திலேயே கோலை ஊன்றி நடப்பவர்களை எங்கும் காணலாம்.

ஓய்வுக் கொள்கைக்கு இந்த எண்கள் சாதகமாகத் தோன்றும். தேய்ந்த செருப்பு நடக்க நடக்க மேலும்தானே தேயும்? ஆனால் குருத்தெலும்பு உயிருள்ள திசு. இரத்தக் குழாய் இல்லாத அது, அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. முடக்கி வைத்தால் குருத்தெலும்பு மெலியும், தசையும் மெலியும். பயிற்சி குருத்தெலும்பைக் கெடுக்கிறதா என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் முழங்காலைப் பற்றியவை. அளவான பயிற்சியால் அங்கே தீங்கு தெரியவில்லை. இடுப்பிலும் அப்படியே இருக்கும் என்பது நியாயமான ஊகம், இன்னும் ஊகம்தான்.

ஒன்றும் செய்யாதவர்களோடு

1990களின் இறுதியில்தான் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடும் ஆய்வுகள் இத்துறையில் வேகம் பிடித்தன. 1997இல் அமெரிக்காவில் முழங்கால் நோயாளிகள் 439 பேரை வைத்து நடந்த ஃபாஸ்ட் ஆய்வும், 1998இல் நெதர்லாந்தில் வான் பார் குழு இடுப்பு, முழங்கால் நோயாளிகள் 201 பேரை வைத்து நடத்திய ஆய்வும் முன்னோடிகள். தொடக்கம் முதலே இடுப்பு முழங்காலின் நிழலில்தான் இருந்தது. கீழுடல் மூட்டுகளுக்கான பயிற்சி பற்றி 2013இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 60 ஆய்வுகளைச் சேர்த்தது. அவற்றில் 44 முழங்காலுக்கு மட்டும், 14 இரண்டும் கலந்தவை, இடுப்புக்கென்றே நடந்தவை இரண்டே இரண்டு. பயிற்சி பயன் தருகிறது என்று சொல்லப் போதுமான சான்று 2002இலேயே சேர்ந்துவிட்டது என்றும் அந்தத் தொகுப்பு கணக்கிட்டது. அந்தச் சான்றின் பெரும்பகுதி முழங்காலிலிருந்து கடன் வாங்கியது என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பல சமயம் விட்டுவிடுகிறார்கள்.

இடுப்புக்கு மட்டுமான முக்கியத் தொகுப்பு, ஃபிரான்சென் தலைமையில் 2014இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு. 2009இல் ஐந்து ஆய்வுகளோடு தொடங்கியது அப்போது பத்தாகியிருந்தது. நூறு புள்ளி அளவுகோலில் பயிற்சி செய்யாதோரின் சராசரி வலி 29, செய்தோரின் வலி 21. அன்றாட இயக்கத்தில் உள்ள சிரமம் 29இலிருந்து 22 ஆனது. பயன் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஓரளவு நீடித்தது. சான்றின் தரம் உயர்ந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

எட்டுப் புள்ளி பெரிதா, சிறிதா? நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று பலர் ஏற்கும் அளவு நூற்றுக்குப் பத்தை ஒட்டியது. அந்தக் கணக்கில் இது எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. 2023இல் ஹோல்டன் குழு 31 ஆய்வுகளில் பங்கேற்ற 4,241 பேரின் தனித்தனித் தரவுகளைத் திரட்டி, முழங்காலையும் இடுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோது எண் இன்னும் சுருங்கியது: குறுகிய காலத்தில் ஆறு புள்ளிக்குச் சற்று மேல், ஓராண்டில் நான்குக்கும் கீழ். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. தொடக்கத்தில் வலியும் சிரமமும் அதிகமாக இருந்தவர்களுக்குப் பயனும் அதிகம். சராசரி வலி 29 ஆக இருக்கும் ஒரு கூட்டத்தில் குறைய வேண்டிய வலியே கொஞ்சம்தான் என்பதை நினைவில் வைத்தால் காக்ரேனின் எட்டு அவ்வளவு அற்பமாகத் தெரியாது. மாத்திரைகளின் சராசரிப் பயனும் பெரிதல்ல. பாராசிட்டமாலை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே நைஸ் சொல்லிவிட்டது.

போலிச் சிகிச்சையோடு

இத்துறையைச் சங்கடத்துக்கு உள்ளாக்கிய ஆய்வு 2014இல் ஜாமா இதழில் வந்தது. மெல்போர்னில் கிம் பென்னெல் குழு இடுப்புத் தேய்வு கொண்ட 102 பேரைப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு பன்னிரண்டு வாரத்தில் பத்து அமர்வு பிசியோதெரபி: கையால் செய்யும் சிகிச்சை, வீட்டுப் பயிற்சி, அறிவுரை, தேவையானவர்களுக்கு ஊன்றுகோல். மறுபிரிவுக்கும் பத்து அமர்வு. ஆனால் அங்கே அணைத்து வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியும், மருந்தில்லாத ஒரு களிம்பும். இரு பிரிவிலும் வலி குறைந்தது: பிசியோதெரபி பெற்றவர்களுக்கு நூறில் 17.7, போலி பெற்றவர்களுக்கு 22.9. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கது அல்ல. பக்கவிளைவு சொன்னவர்கள் முதல் பிரிவில் 41 சதவீதம், போலிப் பிரிவில் 14 சதவீதம். அவை பெரும்பாலும் இலேசான வலிகள்.

பயிற்சியின் ஆதரவாளர்கள் இதற்கு வைக்கும் மறுப்புகள் வலுவற்றவை அல்ல. பயிற்சி பெரும்பாலும் வீட்டில், மேற்பார்வையில்லாமல் நடந்தது. பல சிகிச்சைகளைக் கலந்து கொடுத்ததால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரிக்க வழியில்லை. தசை வலுப்பெறும் அளவுக்குச் சுமை ஏற்றப்பட்டதா என்பதும் ஐயம். இன்னொரு அடிப்படை மறுப்பும் உண்டு: பயிற்சிக்குச் சரியான போலி எது? மாத்திரைக்குச் சர்க்கரை உருண்டை இருப்பதுபோல, தசையை இயக்காமல் இயக்குவதாக நம்ப வைக்கும் வழி கிடையாது.

இருந்தும் பென்னெலின் கேள்வி தீரவில்லை. மூட்டுத் தேய்வு ஆய்வுகளில் தெரியும் முன்னேற்றத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிகிச்சையினுடையது அல்ல, அதைச் சூழ்ந்தவற்றின் பயனே என்று 2016இல் ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் மருத்துவரிடம் வருகிறார். அது தானாகவும் தணியும். ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பதும், தொட்டுப் பார்ப்பதும், நம்பிக்கை தருவதும் வலியைக் குறைக்கும். 2022இல் டென்மார்க்கில் முழங்கால் நோயாளிகள் 206 பேரிடம், உப்புநீர் ஊசிதான் என்று சொல்லியே போட்ட ஊசியும் எட்டு வாரப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

நம் ஊர் வாசகருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிசியோதெரபி நிலையத்துக்குப் போகிறவர்களில் பலர் எதிர்பார்ப்பது ‘கரண்ட் வைப்பதை’. பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினால் ஏமாந்துபோகிறார்கள். மின்சிகிச்சை வேண்டாம் என்கிறது நைஸ். அணைத்து வைத்த கருவியும் வலியைக் குறைத்ததைக் காட்டுகிறது மெல்போர்ன். கருவியின் சிவப்பு விளக்குக்கு நாம் கொடுக்கும் பெருமையில் எவ்வளவு அதை வைப்பவரின் கவனிப்புக்குச் சேர வேண்டும் என்பது யோசிக்கத்தக்கது.

அறுவை சிகிச்சையோடு

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி உலோகத் தலையும் பாலிஎத்திலீன் குழியும் கொண்ட மூட்டைப் பொருத்தத் தொடங்கியதிலிருந்து, இடுப்புத் தேய்வுக்கான எந்தச் சிகிச்சையும் அந்த அறுவையோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 2007இல் லான்செட் இதழ்க் கட்டுரை ஒன்று அதை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்றே அழைத்தது. வியப்பு என்னவென்றால், அந்த அறுவையையும் பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2024 வரை வரவில்லை. அறுவையின் வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம்.

டென்மார்க்கின் ப்ரோஹிப் ஆய்வு அதைக் கேட்டது. 50 வயதைக் கடந்த, அறுவைக்குத் தகுதியான 109 பேர். ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்று, மறுபிரிவுக்குப் பன்னிரண்டு வார மேற்பார்வைப் பளுப் பயிற்சி. ஆறு மாதம் கழித்து 48 புள்ளி ஆக்ஸ்ஃபர்டு இடுப்பு அளவுகோலில் அறுவைப் பிரிவு 15.9 புள்ளி முன்னேறியது, பயிற்சிப் பிரிவு 4.5. இடைவெளி எந்த அளவுகோலாலும் பெரிது. பயிற்சிப் பிரிவில் 12 பேர், அதாவது 21 சதவீதம், அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே அறுவைக்குப் போய்விட்டார்கள். முற்றிய நோயில் பயிற்சி அறுவைக்கு மாற்று என்று இனி யாரும் வாதிடுவது கடினம்.

ஆனால் இதே எண்களை மறுபக்கமிருந்தும் படிக்கலாம். அறுவைக்காகவே வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆறு மாதம் அறுவையில்லாமல் இருந்தார்கள். இவர்கள் பொதுவான நோயாளிக் கூட்டமும் அல்ல: பரிசோதித்த 1,474 பேரில் 791 பேர் தகுதி பெற்றனர்; குலுக்கலுக்கு இசைந்தவர்கள் அவர்களில் 14 சதவீதமே. அறுவை நிச்சயம் வேண்டும் என்றோ வேண்டவே வேண்டாம் என்றோ முடிவெடுத்திருந்தவர்கள் ஆய்வுக்குள் வரவில்லை.

அறுவையைத் தள்ளிப்போடப் பயிற்சி உதவுமா என்பது தனிக் கேள்வி. ஆஸ்லோவில் நடந்த நார்வே ஆய்வு இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கும் 109 பேர். (2004இல் கைமுறைச் சிகிச்சையையும் பயிற்சியையும் ஒப்பிட்ட டச்சு ஆய்விலும் 109 பேரே. எண் தற்செயல், ஆய்வுகளின் சிறிய அளவு தற்செயல் அல்ல.) லேசான அல்லது நடுத்தரத் தேய்வு கொண்ட இவர்களில் ஒரு பிரிவுக்கு நோய் பற்றிய வகுப்பு மட்டும், மற்றதற்கு வகுப்போடு பன்னிரண்டு வாரப் பயிற்சி. முதன்மைக் கேள்வியான வலியில் இரு பிரிவுக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்றே 2010இல் முடிவு வந்தது. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதோ, சொந்த மூட்டோடே இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 41 சதவீதம், வகுப்புப் பிரிவில் 25 சதவீதம். அறுவைக்குப் போகும் காலத்தின் இடைநிலை அளவு 3.5 ஆண்டிலிருந்து 5.4 ஆண்டாக நீண்டது.

இரண்டு ஆண்டு தள்ளிப்போவது சிறிய விஷயம் அல்ல, முக்கியமாக வயது குறைந்தவர்களுக்கு. செயற்கை மூட்டுக்கும் ஆயுள் உண்டு. இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினம். ஆயினும் இந்த முடிவைக் கொண்டாடும் முன் தயங்கக் காரணம் இருக்கிறது. அறுவை செய்துகொள்வது உடலின் நிலை மட்டும் தீர்மானிக்கும் ஒன்றல்ல. தான் பயிற்சிப் பிரிவில் இருப்பது நோயாளிக்குத் தெரியும். ‘இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்’ என்ற மனநிலையே அந்த இடைவெளியில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். வலியில் வேறுபாடு இல்லாமல் அறுவையில் மட்டும் வேறுபாடு தெரிவது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. பயிற்சியை அன்றாட வாழ்வோடு பிணைத்துக் கற்றுக் கொடுத்த ஒரு டச்சு முறையிலும் பின்னாளில் அறுவைகள் குறைவாக இருந்தன. திசை ஒத்திருக்கிறது, உறுதி சொல்லப் போதாது.

எந்தப் பயிற்சி, எவ்வளவு

பயிற்சிகளுக்குள் எது மேல் என்ற போட்டியில் பெரிய வெற்றியாளர் யாரும் இல்லை. 2004 டச்சு ஆய்வில் மூட்டை இழுத்துத் தளர்த்தும் கைமுறைச் சிகிச்சை பயிற்சியை வென்றது: தேறியதாகச் சொன்னவர்கள் 81 சதவீதத்துக்கு 50. பின்னர் 2013இல் அயர்லாந்தில் பயிற்சியோடு கைமுறையையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. அண்மையில் இங்கிலாந்தின் தென்கடற்கரையிலுள்ள போர்ன்மத்தில் 221 பேரிடம் நடந்த ஆய்வில், எட்டு வாரம் குழுவாக நிலைச் சைக்கிள் மிதித்து நோய்பற்றிக் கற்றவர்கள் வழக்கமான பிசியோதெரபி பெற்றவர்களைவிட அன்றாட வேலைகளில் சற்றே முன்னேறினார்கள். அந்தப் பலனில் சைக்கிளுக்கு எவ்வளவு, கூட்டத்துக்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

அளவு பற்றிச் சற்றே தெளிவு உண்டு. 2017இல் மோசெங் குழு 12 ஆய்வுகளைப் பரிந்துரைக்கப்பட்ட பயிற்சி அளவை எட்டியவை, எட்டியது ஐயமானவை என்று பிரித்தது. முதல் வகையில் வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரண்டாவதில் பயன் ஏறக்குறைய பூச்சியம். வெவ்வேறு ஆய்வுகளுக்கு இடையிலான ஒப்பீடு என்பதால் இதைக் காரணமாக அல்ல, குறிப்பாகவே கொள்ள வேண்டும். முழங்காலில் 377 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் கடும் பளுப் பயிற்சி இலேசான பயிற்சியைவிட எந்த மேன்மையும் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நடைமுறையில் பரவியிருக்கும் வடிவம் டென்மார்க்கின் ‘கிளாட்’ திட்டம். தென்டென்மார்க் பல்கலைக்கழகத்தின் ஈவா ரூஸ், சோரன் ஸ்கோ ஆகியோர் 2013இல் தொடங்கியது. இரண்டு மூன்று வகுப்புகள், பிறகு வாரம் இருமுறையாகப் பன்னிரண்டு குழுப் பயிற்சிகள். பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், மறுநாளுக்குள் தணிந்துவிட வேண்டும் என்பது போன்ற எளிய விதி. வலித்தால் நிறுத்து என்ற பழைய எச்சரிக்கையிலிருந்து நோயாளியை விடுவிப்பதே இதன் பெரிய பங்களிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கனடா, ஆஸ்திரேலியா, சீனா என்று திட்டம் பரவியிருக்கிறது. பதிவேட்டில் சேர்ந்திருக்கும் பெருந்திரளான நோயாளிகளின் முன்னேற்றம் கண்ணைக் கவர்ந்தாலும், ஒப்பிட இன்னொரு பிரிவு அதில் இல்லை. மெல்போர்னின் அணைத்து வைத்த கருவி எழுப்பிய ஐயத்துக்குப் பதிவேடு பதில் சொல்லாது.

பலிப்பது எப்படி

தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும், அதனால் வலி குறையும் என்பது பாடநூல் விளக்கம். தர்க்கம் சரி, சான்று மெலிவு. வலு கூடியவருக்கே வலி குறைந்தது என்ற நேர்க்கோட்டுத் தொடர்பு ஆய்வுகளில் தெளிவாகக் கிடைக்கவில்லை. மூட்டின் விறைப்பு தளர்வது, அசைந்தால் கெட்டுவிடும் என்ற பயம் நீங்குவது, தூக்கமும் மனநிலையும் தேறுவது, நரம்பு மண்டலம் வலியைக் கையாளும் விதம் மாறுவது எல்லாம் மாற்று விளக்கங்கள். இவற்றில் எது முதன்மை என்று தெரியாத வரை பயிற்சியை நோயாளிக்கு ஏற்பத் தைத்துக் கொடுக்கும் பேச்சு பெரும்பாலும் அனுபவ ஊகமாகவே இருக்கும்.

யாருடைய இடுப்பு

மேலே சொன்ன இடுப்பு ஆய்வுகள் ஏறத்தாழ எல்லாமே வட ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தவை. இது வெறும் நிலவியல் குறிப்பு அல்ல. 2002இல் பெய்ஜிங்கில் நடந்த ஆய்வு, அமெரிக்க வெள்ளையரோடு ஒப்பிட அங்குள்ள முதியோரிடம் இடுப்புத் தேய்வு 80 முதல் 90 சதவீதம் குறைவு என்று கண்டது. இந்தியாவிலும் முழங்கால் தேய்வோடு ஒப்பிட இடுப்பின் தேய்வு குறைவு என்பதே எலும்பு மருத்துவர்களின் பொதுவான கருத்து. இங்கே இடுப்பு மாற்று அறுவைக்கு வருகிறவர்களில் பெரும்பங்கினர், இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்புத் தலை சிதைந்தவர்கள். பலர் நடுவயதுக்கும் குறைந்தவர்கள். ஸ்டீராய்டும் மதுவும் அதன் அறியப்பட்ட காரணங்களில் சில. முதுமைத் தேய்வை வைத்துச் செய்த பயிற்சி ஆய்வுகள் இவர்களைப் பற்றிப் பேசவில்லை. அங்கே கிடைத்த எட்டுப் புள்ளியை இவர்களுக்கு அப்படியே எடுத்துவர நியாயம் இல்லை.

அளவுகோல்களுக்கும் ஊர் உண்டு. இத்துறையில் மிகப் பரவலான வோமாக் கேள்வித்தாளின் 24 கேள்விகள் படியேறுவது, காலுறை அணிவது, காரில் ஏறி இறங்குவது பற்றிக் கேட்கின்றன. சம்மணமிட்டு உட்காருவது, தரையிலிருந்து எழுவது பற்றி ஒன்றும் இல்லை. இடுப்பு மூட்டு மிக அதிகமாக மடங்கித் திரும்ப வேண்டிய அசைவுகள் இவைதான். தேய்வில் கடினமாகிவிடுவதும் இவைதான். செயற்கை மூட்டு பொருத்தியவர்களைச் சம்மணமிட வேண்டாம் என்று வழக்கமாக எச்சரிப்பதால், அறுவைக்கும் பயிற்சிக்கும் இடையிலான கணக்கு தரையில் வாழ்கிறவருக்குக் கொஞ்சம் வேறாகக்கூட அமையலாம்.

இன்றைய நிலையில் ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவை சில. பயிற்சி பெரிய தீங்கு செய்வதில்லை. சராசரியாகச் சிறு பயன் தருகிறது. பயிற்சியைத் தொடராவிட்டால் அந்தப் பயன் தேய்ந்து மறைகிறது. முற்றிய நோயில் அறுவையின் இடத்தை அது பிடிக்காது. பயிற்சியா, ஒன்றுமில்லாமையா என்று கேட்கும் இன்னோர் ஆய்வால் இந்தச் சித்திரம் மாறப் போவதில்லை என்றே 2023இல் 18 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த டச்சுத் தொகுப்பும் கருதியது. திறந்திருக்கும் கேள்விகள் வேறு: நடுத்தரத் தேய்வில், போதிய சுமையோடு, ஆண்டுக்கணக்கில் தொடரும் பயிற்சி அறுவையை உண்மையில் தள்ளிப்போடுகிறதா, நல்ல கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள் எவ்வளவு மேல், ஐரோப்பாவுக்கு வெளியே, வேறு காரணங்களால் இடுப்பு கெட்டவர்களுக்கு இவற்றில் எது பொருந்தும். முதல் இரண்டுக்கும் 109 பேர் போதமாட்டார்கள். மூன்றாவதை இங்கே கேட்பதற்கு முன், தரையில் உட்கார்ந்து எழுவதை அளக்கும் ஒரு கேள்வித்தாளை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.